குத்தகையா, மரமா? முதலில் பட்டாவைப் பாருங்கள்

ஆடி பிறந்துவிட்டால் விழுப்புரம் மாவட்டத்தின் ஆதிதிராவிடர் குடியிருப்புகளில் ஒரு பேச்சு தவறாமல் எழும். கிணறில்லாத கொல்லையை இந்த வருஷமும் குத்தகைக்கு விட்டுவிடலாமா என்பதுதான் அது. சில ஆண்டுகளாக அதோடு இன்னொரு பேச்சும் சேர்ந்திருக்கிறது. வேளாண்மைத் துறை மரக்கன்றுகளை இலவசமாகத் தருகிறது, நிலம் முழுக்க மரத்தை வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாமே என்கிறார்கள்.

இரண்டு பேச்சுக்கும் காரணம் ஒன்றுதான். நிலம் இருக்கிறது, உழ ஆள் இல்லை. பெரியவர்களுக்கு முடியவில்லை. பிள்ளைகள் படிக்கிறார்கள், அல்லது ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் ஷிப்ட் வேலைக்குப் போகிறார்கள். மானாவாரியில் மல்லாட்டை போட்டால், விதைக்கும் கூலிக்கும் போட்ட பணம் திரும்புமா என்பதே மழையின் கையில் இருக்கிறது. இந்த நிலையில் ஒருவர் வீட்டு வாசலுக்கு வந்து, ‘சும்மா கிடக்கிற நிலம்தானே, பணத்தை முன்னாடியே கொடுத்துடறேன்’ என்றால் வேண்டாம் என்று சொல்வது எளிதல்ல.

வேண்டாம் என்றுதான் சொல்ல வேண்டும் என்று நாமும் வற்புறுத்தவில்லை. ஆனால் ஏக்கருக்கு எவ்வளவு கிடைக்கும் என்ற ஒரே கணக்கில் இதை முடிவு செய்துவிடக் கூடாது. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் ஒரு விவசாயி சாகுபடி செய்யும் நிலத்தின் சராசரி அளவு 0.75 ஹெக்டேர். அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. நம் குடும்பங்களில் பலரிடம் அந்தச் சராசரியும் கிடையாது. பத்து ஏக்கர் வைத்திருப்பவர், குத்தகைக்கு எடுத்தவர் சரியில்லை என்றால் அடுத்த வருஷம் ஆளை மாற்றிவிடுவார். அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருக்கும் தலித் குடும்பத்துக்கு அந்த வசதி இல்லை. எனவே நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி வேறு. ஐந்து வருஷம் கழித்து இந்த நிலம் யார் பெயரில், யார் கையில் இருக்கும்?

நிலம் வந்த வழி

இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர், பறையர் மக்களின் நிலைமை பற்றி 1891-இல் அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். நிலமில்லாததால்தான் இந்த மக்கள் பண்ணையாட்களாகக் கட்டுண்டு கிடக்கிறார்கள் என்பதை அந்த அறிக்கை அரசின் முன் வைத்தது. அதையொட்டி 1892-இல் வெளியான அரசாணையின்படி, சென்னை மாகாணம் முழுவதும் ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் நிலம் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒதுக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது இதைத்தான். வருவாய்த் துறைப் பதிவேடுகளில் டி.சி. நிலம், கண்டிஷன் பட்டா என்று வரும்.

கண்டிஷன் என்ன? முதல் பத்து ஆண்டுகளுக்கு அந்த நிலத்தை யாருக்கும் விற்கவோ, தானம் கொடுக்கவோ, அடமானம் வைக்கவோ, குத்தகைக்கு விடவோ கூடாது. அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவர்களுக்கு மட்டுமே கொடுக்கலாம். மீறினால் அந்தப் பரிமாற்றம் செல்லாது, அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

இவ்வளவு காவல் இருந்தும் அந்த நிலத்தின் பெரும்பகுதி கைமாறிவிட்டது. கடன், மிரட்டல், பொய்ப் பத்திரம், பதிவேட்டுத் திருத்தம் என்று வழிகள் பல. 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தின்போது பல கிராமங்களில் அனுபவத்தில் இருந்தவர் பெயரே பட்டாவில் ஏறிவிட்டது என்பது பஞ்சமி நில மீட்பு இயக்கங்களின் நெடுநாள் குற்றச்சாட்டு. நிலத்தைத் திரும்பக் கேட்டபோது என்ன நடந்தது என்பதற்குக் காரணை சாட்சி. செங்கல்பட்டு மாவட்டத்தின் அந்தக் கிராமத்தில் பஞ்சமி நிலத்தை மீட்க எழுந்த போராட்டத்தில், 1994 அக்டோபர் 10-ஆம் தேதி நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டுக்கு ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு பேர் பலியானார்கள்.

போன நிலத்தை மீட்க உயிரையே கொடுக்க வேண்டியிருந்தது. கையில் இருக்கும் நிலத்தைக் காப்பாற்றுவதற்கு ஒரு கையெழுத்தை யோசித்துப் போட்டால் போதும்.

குத்தகை போக்கியமாகும் விதம்

நிலம் ஒரே நாளில் கைமாறுவதில்லை. முதல் வருஷம் வாய்ப்பேச்சில் குத்தகை. அடுத்த வருஷம் மகள் கல்யாணத்துக்கோ, மகனின் கல்லூரிக் கட்டணத்துக்கோ, ஆஸ்பத்திரிச் செலவுக்கோ குத்தகைதாரரிடமே முன்பணம் வாங்குகிறோம். அது சேர்ந்து ஒரு பெரிய தொகை ஆகிறது. அப்போது ஒரு பத்திரத்தில் எழுதிக்கொள்வார்கள். இனி வருஷக் குத்தகை கிடையாது, வாங்கிய பணத்தைக் கொடுத்தால் நிலத்தை மீட்டுக்கொள்ளலாம். இதுதான் போக்கியம். தென்மாவட்டங்களில் ஒத்தி என்பார்கள். நிலமும் வருமானமும் ஒரே ஆளிடம் போன பிறகு மீட்கும் பணம் எங்கிருந்து வரும்? கடைசியில் கொஞ்சம் மேற்பணம் கொடுத்துக் கிரயம் பேசிவிடுவார்கள்.

இந்தப் படிகளில் எங்கேயும் அடிதடி இருக்காது. கடன் கொடுத்தவர், ஊரில் நமக்கு வேலை கொடுப்பவராகவும் இருப்பார். அதனாலேயே எதிர்த்துக் கேட்க நா எழாது.

சட்டமும் இங்கே தலைகீழாக வேலை செய்துவிடலாம். 1955-ஆம் ஆண்டின் சாகுபடி குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் நிலச்சுவான்தாரிடமிருந்து ஏழை உழவனைக் காக்க வந்தது. அந்தச் சட்டப்படி, உரிய காரணம் காட்டி வருவாய்க் கோட்ட அலுவலரிடம் ஆணை பெறாமல் குத்தகைதாரரை வெளியேற்ற முடியாது. குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969-இல் தனிச் சட்டமும் வந்தது. இரண்டும் நல்ல சட்டங்கள். கீழத்தஞ்சையில் எத்தனையோ தலித் குத்தகைதாரர்கள் இவற்றால்தான் மண்ணில் நின்றார்கள். ஆனால் நிலத்தின் உரிமையாளர் ஏழை தலித்தாகவும், குத்தகைக்கு எடுத்தவர் ஊரில் செல்வாக்குள்ளவராகவும் இருந்தால் என்ன ஆகும்? அதே பாதுகாப்பைக் காட்டி அவர் நிலத்தை விட மறுக்கலாம். அடங்கலில் சாகுபடி செய்பவராக அவர் பெயர் ஏறியிருந்தால், கோர்ட்டுக்கும் தாலுகா ஆபீசுக்கும் நடக்க வேண்டியவர்கள் நாம்தான்.

பஞ்சமி நிலமாக இருந்தால் சிக்கல் இன்னும் பெரிது. பட்டியலினத்தைச் சேராதவருக்குக் குத்தகைக்கு விடுவதே நிபந்தனை மீறல். அவர் ஏமாற்றினால் புகார் கொடுக்கப் போகும் நம்மைப் பார்த்தே, ‘நீ ஏன் விட்டாய்?’ என்று கேட்க இடம் ஏற்பட்டுவிடும்.

மண்ணும் போகும் என்பதை மறக்கக் கூடாது. நெல்லோ கரும்போ போடுவதாகச் சொல்லி வாங்கிய நிலத்தில் மேல்மண்ணைச் செங்கல் சூளைக்கு ஓட்டுகிறார்கள். சவுடு எடுத்து ஆளுயரப் பள்ளமாக்கிவிட்டுப் போகிறார்கள். நாகை கடலோரத்தில் 1990-களில் இறால் பண்ணைகள் பரவியபோது விளைநிலங்களும் குடிநீரும் உப்பேறின. நிலமற்ற தலித் பெண்களின் பெயரில் நிலம் வாங்கிக் கொடுத்த லாஃப்டி இயக்கத்தின் கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் அதை எதிர்த்து நின்றார்கள். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில்தான் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடலோர ஒழுங்குமுறைப் பகுதியில் இருந்த இறால் பண்ணைகளை அகற்ற உத்தரவிட்டது. தீர்ப்பு வந்தாலும், உப்பேறிய மண் உடனே விளைமண் ஆகிவிடாது. மண் கெட்டால், குத்தகை முடிந்து நிலம் திரும்பி வந்தும் பயனில்லை.

மரத்தின் கணக்கு

அப்படியானால் மரம் நட்டுவிடலாமா? தமிழக வேளாண்மைத் துறை 2021-22 முதல் விளைநிலங்களில் மரம் வளர்க்கும் பசுமைப் போர்வைத் திட்டத்தை நடத்திவருகிறது. தேக்கு, வேங்கை, மகோகனி, செம்மரம் போன்ற கன்றுகள் இலவசம். வரப்பில் நடுவதானால் ஏக்கருக்கு 50 கன்றுகள். நிலம் முழுக்க நடுவதானால் ஏக்கருக்கு 160 கன்றுகள். இரண்டாம் ஆண்டு முதல் நான்காம் ஆண்டு வரை, பிழைத்திருக்கும் ஒவ்வொரு கன்றுக்கும் ஆண்டுக்கு 7 ரூபாய் ஊக்கத்தொகை. உழவன் செயலியில் பதிவு செய்யலாம்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 160 கன்றும் பிழைத்தால் ஏக்கருக்கு ஆண்டுக்கு 1,120 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 3,360 ரூபாய். பிழைக்காத கன்றுக்குக் காசு இல்லை. முதல் கோடையில் குடத்தில் சுமந்து தண்ணீர் ஊற்றும் கூலியும், ஆடு மேயாமல் முள்வேலி போடும் செலவும் நம்முடையவை. குத்தகைக்கு ஏக்கருக்கு 6,000 ரூபாய் கிடைக்கும் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டாலும், அதன் பக்கத்தில் இந்த 1,120 ரூபாய் நிற்காது. தேக்கு பணமாக இருபது வருஷத்துக்கு மேல் ஆகும். பேரப்பிள்ளைக்கு உதவும் மரம், அடுத்த மாத மளிகைக் கடனை அடைக்காது. அரசு மரம் நடச் சொல்லியும் நம் மக்கள் குத்தகைப் பக்கம் சாய்வதற்கு அறியாமை காரணம் இல்லை. வருமானக் கணக்கு அப்படி இருக்கிறது.

ஆனாலும் மரத்திடம் குத்தகையில் இல்லாத ஒரு பலம் இருக்கிறது. வரப்பைச் சுற்றி நிற்கும் மரம், நிலம் யாருடைய அனுபவத்தில் இருக்கிறது என்பதற்குக் கண்ணெதிரே நிற்கும் சாட்சி. அரசுத் திட்டத்தில் நம் பெயரில் பதிவாகி, அதிகாரி வந்து கன்றை எண்ணிப்போன காகிதம் நாளைக்கு ஒரு வழக்கில் உதவும். பக்கத்து நிலத்துக்காரர் வருஷத்துக்கு ஓர் அடியாக வரப்பை நகர்த்துவதும் நிற்கும். இலை உதிர்ந்து மண்ணும் தேறும். ஆளில்லாத நிலம், சீமைக்கருவேலம் மண்டி, கரிமூட்டம் போடுகிறவர் வெட்டிக்கொண்டு போகும் நிலமாக ஆகாமல் இருக்கும்.

இரண்டு எச்சரிக்கைகள் தேவை. ஒன்று, மரத்தின் வகை. செம்மரம், சந்தனம் போன்றவற்றை நினைத்த நேரத்தில் வெட்டி விற்க முடியாது, வனத்துறையின் அனுமதியும் நடைமுறையும் உண்டு. அவசரத்துக்குக் காசாக வேண்டுமானால் மூன்று நான்கு ஆண்டில் வெட்டும் சவுக்கு, சில ஆண்டுகளில் பலன் தரும் மலைவேம்பு போன்றவற்றைக் கலந்து வைக்க வேண்டும். இன்னொன்று, தனியார் ஒப்பந்தங்கள். மரம் வளர்த்தால் கார்பன் வரவுக்குப் பணம் என்றும், சூரிய மின்தகடு வைக்க இருபத்தைந்து முப்பது வருஷக் குத்தகை என்றும் தரகர்கள் வருகிறார்கள். பசுமை என்ற பெயர் இருப்பதாலேயே அது பாதுகாப்பான ஒப்பந்தம் ஆகிவிடாது. ஒரு தலைமுறைக் காலத்துக்கு நிலத்தை எழுதிக் கொடுப்பதானால் அதுவும் குத்தகைதான். முழுவதையும் தமிழில் படித்து, வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டாமல் கையெழுத்திடக் கூடாது.

மண்ணைக் காப்பதற்கு வாடகை

நிலத்தைக் காப்பவருக்கு அரசு ஒழுங்கான வருமானம் கொடுக்க முடியாதா? கொடுக்கும் நாடு உண்டு. அமெரிக்காவில் 1985 முதல் ஒரு திட்டம் நடக்கிறது. மண் அரிப்புக்கு ஆளாகும் நிலத்தில் சாகுபடியை நிறுத்தி, புல்லும் மரமும் வளர்க்க ஒப்புக்கொள்ளும் விவசாயிக்கு அரசு 10 முதல் 15 ஆண்டுகள் வரை வருஷ வாடகை கொடுக்கிறது. அந்தப் பகுதியில் மானாவாரி நிலத்துக்கு நடப்பில் உள்ள குத்தகையை வைத்தே வாடகை நிர்ணயிக்கப்படுகிறது. அதனால் அங்குள்ள விவசாயி குத்தகையையும் பாதுகாப்புத் திட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து முடிவெடுக்க முடிகிறது.

அங்கேயும் எல்லாம் சமமாக நடந்துவிடவில்லை. கடனிலும் உதவியிலும் தங்களை அந்நாட்டு வேளாண் துறை நிறம் பார்த்து ஒதுக்கியது என்று கருப்பின விவசாயிகள் வழக்குப் போட்டு, 1999-இல் அரசைச் சமரசத்துக்கு வரவைத்தார்கள். திட்டம் இருப்பது ஒன்று, அது விளிம்பில் உள்ளவரின் வாசலுக்கு வருவது வேறொன்று என்பதற்கு இது உதாரணம்.

மூன்றாவது வழி

குத்தகை, மரம் இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. பக்கத்துப் பக்கத்து நிலக்காரர்கள் சேர்ந்து உழுவது. கலைஞரின் அனைத்துக் கிராம ஒருங்கிணைந்த வேளாண் வளர்ச்சித் திட்டம் 2021-22-இல் தொடங்கியபோது, 10 முதல் 15 ஏக்கர் தரிசு நிலம் ஒரே தொகுப்பாக இருந்து குறைந்தது 8 விவசாயிகள் சேர்ந்தால், ஆழ்துளைக் கிணறும் மின் இணைப்பும் அரசே செய்து தரும் என்றது. பஞ்சமி நிலங்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் அடுத்தடுத்து ஒதுக்கப்பட்டவை என்பதால் இப்படிப்பட்ட ஏற்பாடு நமக்குத்தான் மிகவும் பொருந்தும். சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டுநீர்ப் பாசனத்துக்கு முழு மானியம் உண்டு. பட்டியலினச் சிறு, குறு விவசாயிகளுக்கு வேளாண் கருவிகள் வாங்குவதில் கூடுதலாக 20 சதவீத மானியம் அறிவிக்கப்பட்டது. பட்டியலினக் குடும்பங்களின் நிலத்தில் பண்ணைக்குட்டை, வரப்பு, மரக்கன்று வேலைகளைச் செய்ய 2005-இன் ஊரக வேலை உறுதிச் சட்டமே வழி வைத்தது. கிராமசபையில் எழுந்து நின்று இவற்றைக் கேட்டுப் பெற வேண்டும்.

உழ முடியாத குடும்பம் குத்தகைக்கு விட்டுத்தான் ஆக வேண்டும் என்றால், நம் தெருவின் மகளிர் குழுவுக்கே விடலாம். பஞ்சமி நிபந்தனையும் மீறப்படாது, வருமானமும் தெருவுக்குள்ளேயே நிற்கும். நிலமற்ற பட்டியலினப் பெண்கள் நிலம் வாங்க, நன்னிலம் திட்டத்தில் தாட்கோ 5 லட்சம் ரூபாய் வரை மானியம் தருகிறது. புதிதாக ஓர் ஏக்கர் வாங்க அரசு இவ்வளவு செலவு செய்யும்போது, இருக்கும் ஏக்கரை முன்பணத்துக்கு இழப்பது எவ்வளவு பெரிய நஷ்டம்!

மாணவர்கள் செய்ய வேண்டியது

இதில் எந்த வழியைத் தேர்ந்தாலும் பட்டா நம் பெயரில் இருக்க வேண்டும். நம் வீடுகளில் பட்டா இன்னும் தாத்தா பெயரிலோ, இறந்துபோன பெரியப்பா பெயரிலோ இருக்கிறது. வாரிசுச் சான்று வாங்கிப் பெயர் மாற்றாத வரை கன்றும் வராது, சொட்டுநீரும் வராது, கூட்டுறவுக் கடனும் வராது. அதனால்தான் பலருக்குக் குத்தகை ஒன்றே வழியாகத் தெரிகிறது.

கல்லூரியில் படிக்கும் தம்பிகளும் தங்கைகளும் இந்த விடுமுறையில் ஒரு வேலை செய்யுங்கள். வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கும் காகிதங்களை எடுத்து சர்வே எண்ணைப் பாருங்கள். அரசின் நிலப் பதிவு இணையதளத்தில் சிட்டாவையும் அ-பதிவேட்டையும் எடுத்து, இப்போது யார் பெயர் இருக்கிறது என்று ஒப்பிடுங்கள். வில்லங்கச் சான்று வாங்குங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கலில் சாகுபடி செய்பவராக யார் பெயர் எழுதப்பட்டிருக்கிறது என்று கேளுங்கள். பழைய பதிவேட்டில் டி.சி. என்ற குறிப்பு உண்டா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தில் மனுப் போடுங்கள். யாராவது அத்துமீறி உழுகிறார்கள் என்றால், பட்டியலினத்தவர் நிலத்தை அபகரிப்பதும் அதில் முறைகேடாகச் சாகுபடி செய்வதும் 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3-ஆம் பிரிவில் குற்றம் என்பதை நினைவில் வையுங்கள்.

ஏற்கெனவே குத்தகைக்கு விட்டிருந்தால், வருஷா வருஷம் எழுத்தில் புதுப்பியுங்கள். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்பது பதிவுச் சட்டம். என்ன பயிர், மண் எடுக்கக் கூடாது, எந்த மாதம் நிலத்தை ஒப்படைக்க வேண்டும் என்பதை எழுதிக்கொள்ளுங்கள். குத்தகை தருகிறவரிடமே கடன் வாங்காதீர்கள். அவசரக் கடனுக்கு மகளிர் குழு, கூட்டுறவுச் சங்கம் என்று வேறு கதவைத் தட்டுங்கள்.

அரசு செய்ய வேண்டியது

ஒருங்கிணைந்த விழுப்புரம் மாவட்ட மக்கள்தொகையில் பட்டியலினத்தவர் 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 29 சதவீதம். இந்த மாவட்டங்களில் இலவசக் கன்றும் ஊக்கத்தொகையும் பெற்றவர்களில் எத்தனை பேர் பட்டியலினத்தவர் என்பதை வேளாண்மைத் துறை வட்டார வாரியாக வெளியிட வேண்டும். துணைத்திட்ட நிதியை மக்கள்தொகை விகிதத்துக்கு ஏற்ப ஒதுக்கிச் செலவிட 2024-இல் தனிச் சட்டமே வந்துவிட்டது. அந்த நிதியிலிருந்து, பட்டியலினச் சிறு விவசாயி மரம் வைக்கும் நிலத்துக்கு அந்த ஊரின் மானாவாரிக் குத்தகைக்கு நிகரான தொகையை முதல் ஐந்து ஆண்டுகளுக்காவது தர வேண்டும். கன்றுக்கு 7 ரூபாய் என்பது ஊக்கமும் ஆகாது, வருமானமும் ஆகாது. கூடவே, ஒவ்வொரு குறுவட்டத்திலும் ஆதிதிராவிடர் குடியிருப்புக்கே வந்து வாரிசுப் பட்டா மாற்றும் முகாம் நடத்த வேண்டும்.

அதுவரை நம் யோசனை இதுதான். வரப்பைச் சுற்றி மரம் வையுங்கள், நடுவில் முடிந்த பயிரைப் போடுங்கள். முடியாவிட்டால் நம்மவருக்கே, ஒரு வருஷத்துக்கு மட்டும், எழுத்தில் குத்தகைக்கு விடுங்கள். போக்கியம் வேண்டவே வேண்டாம். மாதம் ஒருமுறையாவது பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போய் வாருங்கள். எல்லைக்கல் எங்கே இருக்கிறது என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கட்டும்.